உடனிருந்து காப்போர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கற்றறிந்த பெரியோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழித்து வரும் யாம் பேசத் துணிந்தது விழாக்குழுவினரின் அன்புக் கட்டளையினாலேயாம். "சுகாதார தினங்களும் நம் கடமையும்" என்பது எமக்கு அளிக்கப்பெற்ற பொருள். அப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் அனைவரையும் ஒரு கணம் இம்மண்டபத்தைச் சுற்றிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். வந்திருப்பவர்களைப் பார்க்க அன்று. வராதவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்க்க. ஆண்டுதோறும் கோலமிடவும் குத்துவிளக்கேற்றவும் முன்னிற்கும் தாய்மார் சிலரை இன்று காணோம். அவர்கள் ஏன் வரவில்லை என்பது நம் குடியிருப்பில் உள்ள அனைவர்க்கும் தெரியும். வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டு வர இயலாது. எம் பேச்சு அவர்களைப் பற்றியதே.

முதலில் தினங்களைப் பற்றிச் சில சொல்லி விடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தோன்றிற்று. அந்நாளே 1950 முதல் உலக சுகாதார தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. மார்ச் 24 காசநோய் தினம். 1882ஆம் ஆண்டு அந்நாளில்தான் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். மே 12, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். அது தாதியர் தினம். ஜூலை 1, டாக்டர் பி. சி. ராய் அவர்களின் நினைவாக நம் நாட்டில் மருத்துவர் தினம். பிப்ரவரி 4 புற்றுநோய் தினம். செப்டம்பர் 21 மறதி நோயாகிய அல்சைமர் தினம். அக்டோபர் 10 மனநலத் தினம்.

இத்தினங்கள் வெறும் சடங்குகள் என்று சிலர் கூறுவர். அவ்வாறு கூறுதல் முறையன்று. ஊர்வலமும் சுவரொட்டியும் கண்டு, "நமக்கும் மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லையே" என்று ஒருவர் ஆஸ்பத்திரிப் படியேறினால், அத்தினம் தன் வேலையைச் செய்தது என்றே கொள்ள வேண்டும். நம் சங்கம் நடத்திய இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமிலும் தமக்கு நோய் உள்ளதை முதன்முதலாக அறிந்து திடுக்கிட்டவர்கள் உண்டு. ஆகவே தினங்கள் வேண்டும். ஆயினும் ஒன்று உண்மை. தினம் மாலையோடு முடிந்துவிடுகிறது; நோய் முடிவதில்லை. பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை அடுக்கி, நாம் வீடு திரும்பிய பின்னும் நோயாளி படுக்கையிலேயே இருக்கிறார். அவரருகே ஒருவர் விழித்திருக்கிறார்.

அவ்வொருவரை வள்ளுவப் பெருந்தகை மறக்கவில்லை. "மருந்து" என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்று அவர் வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைத் தருபவன் என்பவையே அந்நான்கு. வடமொழியில் உள்ள சரக சங்கிதையும் வைத்தியத்தின் நான்கு பாதங்களுள் ஒன்றாகப் பணிவிடை செய்பவனைச் சொல்லுகிறது. நாற்காலிக்கு ஒரு கால் முறிந்தால் மற்ற மூன்றும் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? மருத்துவர்க்கு ஒரு தினம் வைத்தோம். தாதியர்க்கு ஒரு தினம் வைத்தோம். மருந்துக்கோ வீதிதோறும் கடை வைத்தோம். வீட்டிலிருந்து சிசுருஷை செய்யும் நாலாமவர்க்கு யாது வைத்தோம்? இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் ஒரு வாரத்தையும், அமெரிக்காவில் நவம்பர் மாதம் முழுவதையும் அத்தகையோர்க்காக ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மிடையே அவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

காப்பவரும் மனிதரே, அவர்க்கும் நோய் வரும். இவ்வுண்மையைக் கேரளம் மிகுந்த துயரத்தோடு கற்றது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா காய்ச்சல் கண்டபோது, பேராம்பிரா அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் தாதி, அந்நோயே தம்மையும் பற்ற, மே 21ஆம் நாள் உயிர் நீத்தார். இளம் பிராயம், இரண்டு சிறு குழந்தைகள். நாடு முழுவதும் அவரை நினைந்து கண்ணீர் சிந்தியது. கண்ணீர் நியாயமானதே. ஆயினும் உயிர் நீத்த பிறகுதான் காப்போரை நாம் காண்போமாயின், அது நன்றியாகுமா?

ஆஷா ஊழியர்களையும் இங்கே நினைவு கூர வேண்டும். 2005ஆம் ஆண்டு தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தோடு தோன்றிய அமைப்பு அது. கொரோனா நாட்களில் நம் குடியிருப்பின் ஒவ்வொரு கதவையும் தட்டி, "யாருக்கேனும் காய்ச்சல் உண்டோ?" என்று விசாரித்தவர்கள் அவர்களே. 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருதளித்துச் சிறப்பித்தது. அதே ஆஷாக்களுள் ஒரு சாரார், ஊதிய உயர்வு கோரி, 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 10 முதல் இந்நகரின் தலைமைச் செயலகத்தின் முன்னே மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்ததையும் நாம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கண்டோம். அரசியல் பேச இம்மேடை இடமன்று. விருதும் வேண்டும், வயிற்றுக்கும் வேண்டும் என்பது மட்டும் அரசியலன்று, அது நியாயம்.

இனி, நாம் வந்து குடியேறி வாழும் இந்நாடு இத்துறையில் ஆற்றியுள்ள ஓர் அரும்பணியைக் கூற விரும்புகிறோம். நம்மவர் பலர் அதனை அறியாதிருப்பதே பெருங்குறை.

தீராத நோயில் கிடப்பவர்க்கு வலியையும் வேதனையையும் தணித்து, அவர் குடும்பத்தார்க்கும் துணைநிற்கும் மருத்துவத்தை "பாலியேட்டிவ்" சிகிச்சை என்பர். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967ஆம் ஆண்டு நிறுவிய இல்லமே இக்காலத்து இம்மருத்துவத்தின் தொடக்கம் எனலாம். வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதன்று. மனத்திலும் குடும்பத்திலும் உயிரிலும் கலந்து நிற்பது என்பது அவர் கண்ட முடிவு. கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, 1993ஆம் ஆண்டு டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் இதற்கென ஒரு சங்கம் கண்டனர். அதன் வழியே, 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் மாவட்டத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைத் தம் ஊர் நோயாளிக்கென ஒதுக்கினர். பணக்காரர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து நடந்த காரியமன்று அது. பலர் சிறு சிறு தொகையும் சிறு சிறு பொழுதும் கொடுத்து நடந்தது.

2008ஆம் ஆண்டு கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இந்தியாவில் அவ்வாறு ஏற்ற முதல் மாநிலம் இதுவே. அதன்படி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில், பயிற்சி பெற்ற தாதியர் நோயாளியின் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகின்றனர். சிறுநீர்க் குழாயை மாற்றுகின்றனர். வீட்டாருக்குக் கற்றுக் கொடுக்கின்றனர். ஜனவரி 15ஆம் நாளை இம்மாநிலம் பாலியேட்டிவ் தினமாகக் கொண்டாடுகிறது.

டாக்டர் ராஜகோபால் அவர்கள் 2003ஆம் ஆண்டு நம் திருவனந்தபுரத்தில் "பாலியம் இந்தியா" என்னும் அமைப்பை நிறுவினார். புற்றுநோயின் கொடிய வலியைத் தணிக்கும் மார்பின் மருந்து, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையினால் உண்மையான நோயாளிக்கும் எட்டாக் கனியாயிருந்தது. அச்சட்டம் 2014இல் திருத்தப்பட்டதில் அவரைப் போன்றோரின் நெடுநாள் முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "பாலியம்" என்பது லத்தீன் மொழியில் போர்வையைக் குறிக்கும் சொல்லாம். இதைக் கேள்வியுற்றபோது எமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நாமும் ஆண்டுதோறும் இம்மேடையில் போர்வை போர்த்துகிறோம், பொன்னாடை என்கிறோம். குளிரில் நடுங்குபவர் வேறிடத்தில் இருக்க, நாம் போர்த்துவது யாருக்கு?

இதனைப் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. எம்மையே குறை கூறிக்கொள்ளச் சொல்கிறோம். எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறுவதற்கு எம் மனைவியாரிடம் அனுமதி பெற்றே வந்திருக்கிறோம்.

2021ஆம் ஆண்டு எம் அன்னையார் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் எம் ஊரிலேயே இருந்திருப்பின், அத்தை ஒரு பொழுதும் சித்தி ஒரு பொழுதும் வந்து பார்த்திருப்பர். அண்டை வீட்டார் கஞ்சி கொண்டு வந்திருப்பர். இங்கோ இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். யாம் காலையில் ஆபீசுக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவர். மூன்றாண்டுகள் எம் அன்னையாரைப் புரட்டிப் படுக்கவைத்ததும், துடைத்து உடுத்தியதும், ஊட்டியதும் எம் மனைவியார் ஒருவரே. வீட்டுக்கு வரும் தாதியைப் பற்றி அயலார் ஒருவர் சொல்லியும் யாம் எட்டு மாதம் பதிவு செய்யவில்லை. ஏனெனில், பாலியேட்டிவ் என்றால் "இனி நம்பிக்கையில்லை" என்று பொருள் என எண்ணினோம். தமிழ்க் குடும்பத்துக்கெல்லாம் அவர்கள் வருவார்களோ என்றும் ஐயுற்றோம். இரண்டும் எம் அறியாமை.

அவ்வாண்டுகளில் ஒரு தாதியர் தினத்தன்று, இதே சங்கத்தின் சார்பில் இரு தாதியர்க்குப் பொன்னாடை போர்த்தி, சேவையின் பெருமையைப் பற்றி யாம் அரைமணி நேரம் பேசினோம். கைதட்டினார்கள். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்டோம். எமக்கு ஆயிற்றா என்று கேட்டோமேயன்றி, அவர் உண்டாரா என்று கேட்கவில்லை. அவர் உண்ணவில்லை என்பதைப் பின்னொருநாள் எம் மகள் சொல்லித்தான் அறிந்தோம்.

ஒருவாறு பதிவு செய்தோம். தாதி வந்தார். எம் அன்னையாருக்கு மலையாளம் தெரியாது. அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆயினும் "அம்மே" என்று அழைத்து அவர் கையைப் பற்றியதும் எம் அன்னையார் முகம் மலர்ந்தது. புண்ணைக் கழுவிக் கட்டிய பின், புறப்படுவார் என்று யாம் எழுந்தோம். அவர் எழவில்லை. "அம்மையை நோக்கியாச்சு, இனி சேச்சி இங்ஙோட்டு இரிக்கூ" என்று எம் மனைவியாரை அமர்த்தி, அவர் கையில் இரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினார். 180க்கு 110 என்று காட்டிற்று. அவருக்கு அப்பொழுது வயது நாற்பது. எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். "ஒரு வருஷமாக" என்றார் எம் மனைவியார். யாம் அருகிலேயே நின்றிருந்தோம். அத்தலைவலியைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

தாதி சென்ற பின், "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று வினவினோம். "சொன்னால் மட்டும் யார் வந்து நிற்கப் போகிறார்கள்?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. இன்று இம்மேடையில் நிற்பது அவ்விடையைத் தேடியே.

2024ஆம் ஆண்டு எம் அன்னையார் அமைதியாகக் கண்மூடினார்கள். எம் மனைவியார் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு நலமாயிருக்கிறார். எமக்கு நேர்ந்தது அவ்வளவோடு நின்றது. எல்லார்க்கும் அவ்வாறு நிற்குமென்று உறுதியில்லை.

படுக்கையில் ஒருவரை வைத்துக் காக்கும் வீடுகளுக்காகத் தாதியிடம் கற்ற சிலவற்றை இங்கே கூறுகிறோம். படுத்திருப்பவரைச் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மறையாதிருப்பின் அதுவே படுக்கைப் புண்ணின் முதற் குறி; அவ்விடத்தைத் தேய்க்கலாகாது, அங்கே மேலும் பாரம் படாமற் காக்க வேண்டும். படுக்கவைத்தபடியே உணவூட்டலாகாது; சாய்த்து உட்காரவைத்தே ஊட்ட வேண்டும், இல்லையேல் உணவு மூச்சுக்குழலிற் புகும். தூக்கும்போது காப்பவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். காப்பவரும் தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். தூக்கமின்மை, காரணமில்லாக் கோபம், அடிக்கடி அழுகை இவை தோன்றின், அவை குணக்கேடு அல்ல, களைப்பின் குறி. மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டா.

வறிய குடும்பங்களில் படுக்கை நோயாளியைக் காப்பவர்க்கென "ஆஸ்வாசகிரணம்" என்னும் உதவித்தொகைத் திட்டமும் இம்மாநிலத்தில் உண்டு. மாதம் 600 ரூபாய் அளவில் வகுக்கப்பட்டது அது. தொகை சிறிதே. ஆயினும், வீட்டிலிருந்து செய்யும் பணிவிடையும் ஒரு வேலை என்று அரசு ஒப்புக்கொண்ட சான்று அது. சொந்த ஊரில் பெற்றோரை வைத்திருப்பவர்களும் கேளுங்கள்: தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் இத்தகைய சிகிச்சை சேர்ந்துள்ளது. ஊரில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இனி நம் கடமை யாது? 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படியே கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதி. நம் குடியிருப்பிலும் முதியோர் பெருகி வருகின்றனர். ஆகவே இது சில வீட்டுத் துயரமன்று. நாளை நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரக்கூடியது.

ரயில்வேக் குடும்பத்தார் பலர் இங்கே இருக்கிறீர்கள். நம் இலாகாவில் வேலையை "இன்டென்சிவ்" என்றும் "கன்டினியூயஸ்" என்றும் வகைப்படுத்தி, இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று சட்டம் வகுத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வாரத்தில் ஒருநாள் ஓய்வு பெறுவதற்கென்றே "ரெஸ்ட் கிவர்" என்று ஒருவரை நியமித்திருக்கிறார்கள். அவர் வந்து பொறுப்பேற்றாலன்றி மற்றவர் இருக்கையை விட்டு எழ முடியாது. களைத்தவர் கையில் சிக்னலைக் கொடுப்பது அபாயம் என்பதை ரயில்வே நன்கு அறியும். ஆனால், மூன்றாண்டு முந்நூற்றறுபத்தைந்து நாளும் இரவும் பகலும் கண்விழிக்கும் ஒரு பெண்மணியை எந்த வகையிற் சேர்ப்பது? அவருக்கு ரெஸ்ட் கிவர் யார்?

நம் சங்கமே அவருக்கு ரெஸ்ட் கிவராக வேண்டும் என்பது எம் விண்ணப்பம். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. முதலாவது, நம் குடியிருப்பில் படுக்கையில் இருப்பவர்கள் யார், அவர்களைக் காப்பவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். இரண்டாவது, அவர்களுள் பதிவு செய்யாதவர்களை வார்டு கவுன்சிலர் வழியாகவோ ஆஷா வழியாகவோ பதிவு செய்விப்போம். மலையாளம் அறிந்த நம் இளைஞர் ஒருவர் உடன் சென்று, தாதி சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். மூன்றாவது, உபயோகம் முடிந்து பரணில் கிடக்கும் சக்கர நாற்காலியையும் காற்றுப் படுக்கையையும் சங்கத்தில் சேர்த்து, வேண்டுவோர்க்கு இரவலாகக் கொடுப்போம். நான்காவதே முக்கியம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம், முறைவைத்து, இருவர் அவ்வீட்டுக்குச் சென்று நோயாளியின் அருகே அமர்வோம். அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பெண்மணி கோயிலுக்குப் போகட்டும், கடைக்குப் போகட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கட்டும். எங்கே போனீர்கள் என்று நாம் கேட்க வேண்டா.

இதில் ஆடவரும் பங்கு கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். பணிவிடை பெண்களின் இயல்பு என்று நாம் சொல்லிக்கொள்வது, நம் சோம்பலுக்கு நாம் போர்த்திய பொன்னாடையே. எம் அன்னையாரின் கடைசி ஓராண்டில் புண் கழுவவும் கட்டுப் போடவும் யாமும் கற்றோம். கற்பதற்குப் பட்டம் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு விழாவில், சிசுருஷை செய்யும் தாய்மாரை மேடையேற்றி மாலை சூட்ட வேண்டும் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். நல்ல யோசனைதான். ஆயினும் அவர்களை மேடைக்கு அழைக்கும் முன், அவர்கள் வீட்டு வாசலுக்கு நாம் சென்றிருக்க வேண்டும். நாம் சென்று அங்கே அமர்ந்தாலன்றி, அவர்களால் இங்கே வர இயலாதன்றோ? இன்று இரவு நாடகம் முடிய நேரமாகும். நம்முள் நால்வர் இப்போதே எழுந்து, நாம் அறிந்த அவ்விரண்டு வீடுகளுக்குச் சென்று அமர்ந்தால், அத்தாய்மார் இருவரும் நாடகத்தின் பிற்பகுதியையேனும் காணலாம். யாம் ஒருவர் ஆயத்தமாய் இருக்கிறோம். இன்னும் மூவர் வேண்டும்.